மார்னிங்சைட் மேட்டுப் பேராலயம்

மன்ஹாட்டன் தீவின் வடமேற்கில், ஹட்சன் நதிக்கும் ஹார்லெம் சமவெளிக்கும் இடையே பாறை மேடாக உயர்ந்து நிற்கும் மார்னிங்சைட் பகுதியில், ஆம்ஸ்டர்டாம் அவென்யூவை நோக்கி அமைந்திருக்கும் செயின்ட் ஜான் தி டிவைன் பேராலயம், 601 அடி நீளமும் நடுக்கூடத்தில் 124 அடி உயரமும் கொண்டு, உலகின் மிகப் பெரிய கிறிஸ்தவ ஆலயங்களுள் ஒன்றாக மதிக்கப்படுவது. ஆயினும், 1892ஆம் ஆண்டு அஸ்திவாரக் கல் நாட்டப்பெற்ற அந்த ஆலயத்துக்கு இன்றளவும் மேற்குக் கோபுரங்கள் நிறைவெய்தவில்லை, சிலுவை வடிவத்தின் இரு கைகளும் முழுமையாக நீளவில்லை, நடுவே விண்ணளாவ எழவேண்டிய கோபுரம் எழவே இல்லை. இதை ஒரு பெருங்குறையாகக் கருதுவோர் பலர். அதன் சரித்திரத்தை ஆதிமுதல் அறிந்தவருக்கோ, அந்த ஆலயம் எவ்வாறு எழுந்தது என்பதைக் காட்டிலும், ஏன் இடையில் நின்றது என்பதே உயர்ந்த கதையாகத் தோன்றும். என் அபிப்பிராயமும் அதுவே.

அமெரிக்காவில் எபிஸ்கோப்பல் திருச்சபை என்று வழங்குவது இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்தது. சுதந்திரப் போர் முடிந்து, ஆங்கில மன்னரைச் சபையின் தலைவராக ஏற்பது இயலாத காரியம் ஆகிவிட்டபோது, அத்தியட்சர்கள் என்னும் பிஷப்புகளின் ஆளுகையை வைத்துக்கொண்டு மன்னரின் தலைமையை மட்டும் விலக்கி, 1789இல் தனக்கென ஓர் அமைப்புச் சட்டம் வகுத்துக்கொண்ட சபை அது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்துவிட்ட நம் ஆங்கிலிக்கன் சபைகளுக்கு ஒருவகையில் உடன்பிறப்பு. எண்ணிக்கையில் பெரிய சபையன்று; எனினும் நியூயார்க்கின் செல்வர்களும் சட்ட நிபுணர்களும் வங்கி முதலாளிகளும் பெரும்பாலும் அதன் இருக்கைகளிலேயே அமர்ந்திருந்தார்கள். அத்தகைய சபைக்கு அந்நகரில் ஒரு பேராலயம் வேண்டும் என்ற எண்ணம் அத்தியட்சர் ஜான் ஹென்றி ஹோபர்ட்டின் காலத்தில், 1828இலேயே பிறந்தது. பிறந்த எண்ணம் நாற்பத்தைந்து ஆண்டு உறங்கியது. 1873இல் அத்தியட்சர் ஹொரேஷியோ பாட்டர் அரசாங்கத்தின் சாசனம் பெற்றார். அதே ஆண்டில் அமெரிக்க வங்கிகள் நொடித்து நாடெங்கும் பொருளாதாரப் பீதி பரவவே, சாசனம் காகிதமாகவே கிடந்தது.

இதற்கிடையில், ஐர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த ஏழைக் கத்தோலிக்கர்களின் காசுகளைக்கொண்டு எழுப்பிய செயின்ட் பேட்ரிக் பேராலயம் 1879இல் ஐந்தாவது அவென்யூவில் திறக்கப்பட்டது. வேலைக்காரர்களுக்குப் பேராலயம் வாய்த்திருக்க, எஜமானர்களுக்கு வாய்க்கவில்லையே என்ற எண்ணம் செல்வர்களின் உள்ளத்தை உறுத்தாமல் இருந்திருக்க முடியாது. ஹொரேஷியோவின் அண்ணன் மகனும் அடுத்த அத்தியட்சருமான ஹென்றி காட்மன் பாட்டர், 1887இல் நகரமக்கள் அனைவருக்கும் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, சபை வேற்றுமை கருதாத ஒரு பொதுப் பிரார்த்தனைத் தலத்துக்கு நிதி கேட்டார். லீக் அண்டு வாட்ஸ் அநாதை இல்லத்துக்கு உரியதாக இருந்த நிலம், ஏறத்தாழ 13 ஏக்கர், 8,50,000 டாலருக்கு விலைபேசப்பட்டது. 1840களில் முடிந்த அந்த அநாதை இல்லக் கட்டடம், கிரேக்கக் கோயில் முகப்போடு, பேராலயத்தின் தெற்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. அந்த வளாகத்தில் யாவற்றுக்கும் மூத்தது அதுவே.

வரைபடப் போட்டியில் அறுபதுக்கு மேற்பட்ட சிற்பிகள் கலந்துகொள்ள, ஜார்ஜ் லூயிஸ் ஹைன்ஸ், கிறிஸ்டபர் கிரான்ட் லஃபார்ஜ் என்ற இரு இளைஞர்கள் வென்றார்கள். பைசாந்தியப் பாணியும் ரோமனெஸ்க் பாணியும் இணைந்தது அவர்களுடைய திட்டம். 1892 டிசம்பர் 27ஆம் தேதி, ஆலயத்துக்குப் பெயர் தந்த அப்போஸ்தலன் யோவானின் திருநாளில், அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. பாறை மேடு என்று நம்பி வாங்கிய நிலம் தோண்டத் தோண்ட இளகியது. நீரூற்றும் சிதைந்த கல்லுமாக வந்துகொண்டே இருந்து, எழுபது அடிக்குமேல் இறங்கிய பிறகுதான் உறுதியான பாறை அகப்பட்டது. திரட்டிய பொருளில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழிக்குள்ளேயே கரைந்துபோக, வங்கியதிபர் ஜே. பி. மார்கன் ஐந்து லட்சம் டாலர் அளித்துத் தூக்கிவிட்டார். 1899இல் நிலவறையில் முதல் ஆராதனை நடந்தபோது, சிகாகோ உலகக் கண்காட்சிக்காக லூயிஸ் டிஃபனி செய்த கண்ணாடிப் பதிகல் திருக்கோயிலே அதற்குப் பீடமாக அமைந்திருந்தது. 1911க்குப் பின் அதைக் கவனிப்பாரில்லாமல் ஈரத்தில் பாழாக விட்டுவிட, டிஃபனி தாமே அதைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனார். புளோரிடா மாகாணத்தின் ஓர் அருங்காட்சியகத்தில் அது இன்று போற்றப்படுகிறது. அந்த அலட்சியத்தை மன்னிப்பது எனக்குக் கடினம்.

பீடத்தைச் சூழ்ந்து அரைவட்டமாக நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 55 அடி உயரம், ஆறடி விட்டம், 130 டன் எடை. மெய்ன் மாகாணத்தின் கடலோரத்தில் வினல்ஹேவன் என்ற தீவில் கல் வெட்டினார்கள். ஒரே கல்லில் தூண் செய்யவேண்டும் என்பது சிற்பிகளின் ஆசை. அதற்கென்றே மாபெரும் கடைசல் இயந்திரம் ஒன்றைச் செய்து, கல்லைப் படுக்கவைத்துச் சுழற்றி, கத்திகளால் அதன் மேனியை உருட்டினார்கள். தன் எடையைத் தானே தாங்கமாட்டாமல் முதல் கல் சுழலும்போதே முறிந்தது; இரண்டாவதும் அவ்வாறே ஆயிற்று. மலையைப் பெயர்த்தாலும் அதன் பாரத்தை மாற்ற முடியாது என்று கண்ட சிற்பிகள், தம் உத்தேசத்தைக் கைவிட்டு, கீழே 38 அடி, மேலே 17 அடி என ஒவ்வொரு தூணையும் இரண்டு துண்டாகச் செய்ய இசைந்தார்கள். கடல்வழியே மிதவைகளில் ஏற்றி, ஹட்சன் கரையில் இறக்கி, தனியாகச் செய்த வண்டிகளில் நகரத் தெருக்களினூடே மேட்டின்மேல் இழுத்துவந்து நிறுத்தினார்கள். கீழ்த்துண்டும் மேல்துண்டும் சேரும் வரையை இன்றும் வெறுங்கண்ணால் காணலாம். உயிரைக் கொடுத்து உழைத்த அந்தக் கல்தச்சர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. தூண்களுக்கு உபயம் தந்த குடும்பங்களின் பெயர்களே பொறிக்கப்பட்டிருக்கின்றன.

தூண்களுக்குப் பின்னால் ஏழு சிற்றாலயங்கள் விரிகின்றன. அஸ்திவாரக் கல் நாட்டிய அதே 1892இல்தான் எல்லிஸ் தீவில் குடியேறிகளை வரவேற்கும் நிலையமும் திறந்தது. கடல் கடந்து வந்து இறங்கும் ஒவ்வொரு இனத்தாரும் தத்தம் பாஷையில் வழிபடும்பொருட்டு, ஸ்காந்திநேவியருக்கு அன்ஸ்கர், ஜெர்மானியருக்கு போனிபாஸ், பிரிட்டிஷாருக்கு கொலம்பா, பிரெஞ்சுக்காரருக்கு மார்ட்டின், இத்தாலியருக்கு அம்புரோஸ், ஸ்பானியருக்கு யாக்கோபு, கீழைத்தேசத்தாருக்கு இரட்சகர் என்று பெயரிட்டு அவற்றைக் கட்டினார்கள். பாஷைகளின் ஆலயங்கள் என்பது அவற்றுக்குப் பொதுப்பெயர். உத்தமமான நோக்கம். ஆனால், சிற்றாலயங்கள் ஒவ்வொன்றாக முடிந்துவந்த அதே ஆண்டுகளில், மேட்டின் அடிவாரத்து ஹார்லெமில் தென்மாகாணங்களிலிருந்து கறுப்பு மக்கள் பல்லாயிரவராக வந்து குடியேறிக்கொண்டிருந்தார்கள். அந்த எட்டாவது கூட்டத்தாருக்கு அங்கே ஓர் ஆலயம் ஏற்படவில்லை. பிற்காலத்தில் இப்பேராலயத்தின் விதியை நிர்ணயித்தவர்கள் அவர்களே என்பதை வாசகர் நினைவில் வைக்கவேண்டும்.

நடுச் சந்தியில் நான்கு பெரிய கருங்கல் வளைவுகள் எழும்பி நின்றன. மேலே கோபுரம் கட்டப் பொருளில்லை. மழைக்கு ஒதுங்கத் தற்காலிகமாக ஒரு கூரை போட்டால் போதும் என்று, 1909இல் ரஃபேல் குவாஸ்டவீனோ என்பாரின் ஸ்தாபனத்தாரை அழைத்தார்கள். ஸ்பெயின் தேசத்துக் கட்டலோனியப் பகுதியிலிருந்து தகப்பன் கொண்டுவந்த வித்தையை மகன் செய்துகாட்டினான். மெல்லிய தட்டோடுகளை, விரைவில் இறுகும் காரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வரிசை ஒட்டி, ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் நடுவில் வருமாறு அமைத்து, சாரமும் இல்லாமல், தாங்கு பலகையும் இல்லாமல், கொத்தனார்கள் நேற்றுக் கட்டி இறுகிய விளிம்பின்மேல் இன்று நின்றுகொண்டே வட்டம் வட்டமாக உள்நோக்கிக் கட்டிவந்தார்கள். ஏறத்தாழ 100 அடி அகலமுள்ள வெளி பதினைந்து வாரத்தில் மூடிற்று. கீழே பார்த்தால் தலை சுற்றும் அந்த உயரத்தில், ஒரு நாளைய வேலையின்மீது மறுநாள் தம் உயிரையே வைத்து நின்ற அந்தத் தொழிலாளிகளின் நம்பிக்கை சாமானியமானதன்று. சில ஆண்டுக்கென்று போட்ட அந்தக் குவிமாடம் நூறாண்டைக் கடந்தும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

1911 ஏப்ரலில் பாடகர் மண்டபமும் நடுச் சந்தியும் பிரதிஷ்டை செய்யப்பட்டன. சிற்பிகளுள் ஒருவரான ஹைன்ஸ் 1907இலேயே காலமாகியிருந்தார். இருவரில் ஒருவர் இறந்தால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளத் தர்மகர்த்தர்களுக்கு உரிமை உண்டு என்ற ஷரத்தைப் பற்றிக்கொண்டு, இருபதாண்டு உழைத்த லஃபார்ஜை அவர்கள் விலக்கிவிட்டு, பாஸ்டன் நகரத்து ரால்ஃப் ஆடம்ஸ் கிராமை நியமித்தார்கள். பாணிகளில் கோதிக் ஒன்றே கிறிஸ்தவ பாணி என்ற கொள்கையுடையவர் கிராம். ரசனையில் அவ்வப்போது வீசும் காற்றுக்கு ஏற்பத் தர்மகர்த்தர்களும் சாய்ந்துவிட்டார்கள். கிராமின் மேதையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், சட்டம் இடந்தந்த செயல்கள் யாவும் நியாயமாகிவிடுவதில்லை. லஃபார்ஜுக்கு இழைத்தது அநீதி என்றே சொல்வேன். அதன் அடையாளம் கட்டடத்திலேயே இருக்கிறது: கிழக்கே உருண்ட வளைவுகள், மேற்கே கூர்நுனி வளைவுகள், இரண்டுக்கும் இடையே மேற்பூச்சு இல்லாத கரடுமுரடான கருங்கல்.

1921இல் பதவிக்கு வந்த அத்தியட்சர் வில்லியம் மேனிங், எடுத்த கருமத்தை முடிக்காமல் விடாத இயல்பினர். 1925இல் தொடங்கிய நிதி இயக்கத்தில், பின்னாளில் ஜனாதிபதியான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் முன்னின்று உழைத்தார். நடுக்கூடத்தின் பகுதிகளை ஒவ்வொரு தொழிலாருக்கும் ஒப்படைத்து, மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், விளையாட்டு வீரர்கள் என அவரவரிடம் பொருள் பெற்றார்கள். அதனால்தான் அங்கே தீர்க்கதரிசிகளோடு பந்தாட்டக்காரர்களும் வண்ணக் கண்ணாடியில் இடம்பெற்றிருக்கிறார்கள். அப்போது ஒரு சம்பவம் நடந்தது. பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த இளைய ஜான் ராக்ஃபெல்லர் ஐந்து லட்சம் டாலர் அனுப்பி, எல்லாருக்கும் பொதுவான பிரார்த்தனைத் தலம் என்று சொல்லி எல்லாரிடமும் நிதி கேட்கும்போது, தர்மகர்த்தர் சபையில் மற்றச் சபையாரில் சிலரையும் சேர்த்துக்கொண்டால் நலம் என்று எழுதினார். மேனிங் அதை ஏற்கவில்லை. ஆலயம் பொதுவாகலாம், ஆட்சி பொதுவாகாது என்பது அவர் நிலை. திருச்சபையின் சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் பாட்டரின் 1887ஆம் ஆண்டுக் கடிதத்தை வாசித்தவர்கள் ராக்ஃபெல்லரின் பக்கமே சாய்வார்கள்.

உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போதும் வேலை நிற்கவில்லை. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கண்ணாடித் துண்டுகளால், 40 அடி விட்டத்தில், சார்ல்ஸ் கானிக் செய்த ரோஜாப் பலகணி மேற்குச் சுவரில் ஏறியது. 1941 நவம்பர் 30ஆம் தேதி, மேற்கு வாயிலிலிருந்து கிழக்குப் பீடம் வரை நீளம் முழுவதும் முதன்முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. கொத்தனார்களும் கல்தச்சர்களும் போருக்குப் போனார்கள். பெண்கள் திரட்டிய பொருளால் தொடங்கிய வடபுறச் சிலுவைக் கை பாதியிலேயே நின்றது.

போருக்குப் பின் பேராலயத்தைச் சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது. 1956இல், பள்ளிகளில் நிறவேற்றுமையைக் கண்டித்த உச்சநீதிமன்றத் தீர்ப்பின் இரண்டாம் ஆண்டு நினைவு நாளில், இருபத்தேழு வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங் அதன் பிரசங்க மேடையில் ஏறினார். 1964 கோடையில் ஹார்லெம் தெருக்களில் கலவரம் மூண்டது. அத்தியட்சர் ஹொரஸ் டோனகன் பிறப்பால் ஆங்கிலேயர், சுபாவத்தில் அடக்கமானவர். கறுப்பு மக்களின் உரிமைக்காக அவர் குரல் கொடுத்ததைப் பொறுக்காத செல்வர்கள், உயிலில் எழுதிவைத்த பெருந்தொகைகளையும் திரும்பப் பெற்றார்கள். கட்டடத்தை முடித்துவிடப் புதிய வரைபடமும் தயாராக இருந்த சமயத்தில், 1967இல், அவர் ஓர் அறிவிப்புச் செய்தார்: அடிவாரத்தில் மக்கள் பசியிலும் இடிந்த வீடுகளிலும் கிடக்கையில் மேட்டின்மேல் கோபுரம் எழுப்புவதற்கில்லை, கல்லுக்குச் செலவிடும் பிரயத்தனம் இனி அம்மக்களுக்குச் செல்லட்டும், சமுதாயம் எவ்வளவு குறைபட்டுக் கிடக்கிறது என்பதற்கு முடிவுறாத இந்த ஆலயமே சாட்சியாக நிற்கட்டும். நூற்றாண்டுக்கு மேற்பட்ட அந்த ஆலய சரித்திரத்தில், மார்கனின் ஐந்து லட்சத்தைவிடவும், மேனிங்கின் பெருமுயற்சியைவிடவும், கட்டாமல் விடுவதென்ற இந்த ஒரு தீர்மானமே மகத்தானது என்பது என் துணிபு.

டோனகனுக்குப் பின் வந்தவர்கள் அந்தத் தீர்மானத்தை மீறாமலே அதைத் தாண்டிச் சென்றார்கள். 1972இல் பேராலயத்தின் தலைமைக் குருவான டீனாகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் பார்க்ஸ் மார்டனும் அத்தியட்சர் பால் மூரும், கல்லா மக்களா என்ற கேள்வியையே ஏற்க மறுத்தனர். 1979இல் ஆலயத்தின் பக்கத்திலேயே ஒரு கல்தச்சுப் பட்டறை திறந்து, லிவர்பூல் பேராலயத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் பாம்பிரிட்ஜைத் தலைமைக் கைவினைஞராக வரவழைத்து, ஹார்லெம் முதலிய சுற்றுப்புறங்களில் வேலையற்றிருந்த இளைஞர்களுக்கு, ஆணும் பெண்ணுமாக, உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எந்த மக்களுக்குச் சிற்றாலயம் கட்டவில்லையோ அவர்களுடைய பிள்ளைகளே சுண்ணாம்புக் கல்லைச் செதுக்கித் தெற்குக் கோபுரத்தை ஏற்றினார்கள். 1982இல் அதன் தொடக்க விழாவுக்காக, பிலிப் பெட்டி என்ற பிரெஞ்சுக் கயிற்று நடனக்காரர் ஆம்ஸ்டர்டாம் அவென்யூவின் மேல் உயரத்தில் கட்டிய கம்பியில் நடந்துவந்தார். கோபுரம் ஐம்பதடியளவு உயர்ந்தது. பணம் வற்றவே, 1994இல் பட்டறை மூடப்பட்டது. கோபுரத்தைச் சுற்றிய சாரம் 2007 வரை துருப்பிடித்து நின்றது.

அதே காலத்தில், சைமன் வெரிட்டி என்ற ஆங்கிலச் சிற்பி, 1988 முதல் 1997 வரை மேற்கு நடுவாயிலில் முப்பத்திரண்டு வேதாகம உருவங்களைச் செதுக்கினார். அவற்றுள் ஒன்றின் பாதத்தடியில் ஒரு கையகலமே உள்ள வேலைப்பாடு இருக்கிறது: நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்கள், இரட்டைக் கோபுரங்கள் உட்பட, காளான் மேகத்தின் கீழ் சாய்ந்து விழுகின்றன. தரிசனத்தில் மாநகரத்தின் வீழ்ச்சியைக் கண்ட யோவானின் பெயர் தாங்கிய ஆலயத்துக்கு அது பொருத்தமான சிற்பமே. 2001 செப்டம்பருக்குப் பின் அதன்முன் நின்றவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 18இல், கூரை முடியாத வடபுறச் சிலுவைக் கையில் தீப்பிடித்தது. புகை படிந்த சுவர்களையும் ஆர்கன் இசைக்கருவியையும் துப்புரவு செய்து, 2008 நவம்பர் 30இல் மீண்டும் பிரதிஷ்டை செய்தார்கள். 2019இல் குருத்தோலை ஞாயிறன்று நிலவறையில் மறுபடியும் தீ. மறுநாள் பாரிஸின் நோத்ருதாம் எரிந்தபடியால் உலகம் இதைக் கவனிக்கவில்லை. பராமரிப்புக்குப் பொருள் வேண்டி, வளாகத்தின் ஓரங்களை நீண்ட குத்தகைக்கு விட, உயர்ந்த குடியிருப்பு மாளிகைகள் எழுந்து வடக்குச் சுவரின் காட்சியை மறைத்துவிட்டன. வறியோருக்காக நிறுத்திய கட்டடத்தின் அருகில், கணிசமான வாடகை தருவோருக்கு மாளிகை எழுந்தது வருந்தத்தக்கது. கூரையில் ஒழுகும் நீருக்குத் தத்துவம் தெரியாது என்ற நிர்வாகிகளின் சங்கடத்தையும் மறுப்பதற்கில்லை. நகர அரசு 2017இல்தான் பேராலயத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

மேனிங் மறுத்த பொதுத்தன்மை வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. 1943இல் நிக்கொலா டெஸ்லாவுக்கும், 1974இல் டியூக் எலிங்டனுக்கும், 1987இல் ஜேம்ஸ் பால்டுவினுக்கும் அங்கேதான் இறுதிச் சடங்கு நிகழ்ந்தது. எலிங்டனுக்காகப் பன்னிரண்டாயிரம் பேர் திரண்டார்கள். ஆண்டுதோறும் அக்டோபரில், பிரான்சிஸ் முனிவரின் திருநாளில், மக்கள் தங்கள் நாய் பூனைகளோடு வந்து ஆசி பெறுகிறார்கள்.

நியூயார்க் செல்லும் தமிழர் எவரேனும் இவ்வாலயத்தைக் காண விரும்பினால், முதலாம் எண் சுரங்க ரயிலில் கதீட்ரல் பார்க்வே நிலையத்தில் இறங்கி, படியேறுவதற்குமுன் நடைமேடைச் சுவரில் பதித்துள்ள பழைய வண்ண ஓடுகளை நின்று பாருங்கள். 1904இல் அந்நிலையத்தை அணிசெய்தவர்கள் ஹைன்ஸும் லஃபார்ஜுமே. பேராலயத்தில் பாதியில் விலக்கப்பட்டவரின் கைவேலை அங்கே முழுமையாக இருக்கிறது.